வைரஸ் போச்சு... நெட்டும் போச்சு! - 'ஃபார்மேட்' போடும் முன் இதைப் படியுங்கள்

கிழக்கு தாம்பரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடித்த மகள், பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பக் கல்லூரிகளின் பட்டியலைப் பதிவு செய்ய வேண்டும். மாலை 5 மணியோடு கெடு முடிகிறது. முந்தைய நாள்தான் தம்பிக்காரன் ஒரு கேமை இலவசமாக இறக்குகிறேன் என்று ஏதோ ஒரு தளத்தில் 'டவுன்லோடு' பட்டனை அழுத்தியிருந்தான். கேம் வரவில்லை, வைரஸ் வந்தது. ஆன்ட்டி வைரஸ் அதைப் பிடித்து, 'நீக்கியாச்சு' என்று பச்சை டிக்கும் போட்டது. வீடே நிம்மதியாகத் தூங்கியது.

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் எந்தத் தளமும் வரவில்லை. வைஃபை அடையாளம் என்னவோ முழுசாகத் தெரிகிறது.

"அப்பா, நெட் வரலைப்பா!"

அப்பா லைன்காரருக்கு போன் போடுகிறார். "எங்க சைடுல ஒண்ணும் பிரச்னை இல்ல சார். ரவுட்டர்ல பச்சை லைட் எரியுதுல்ல?" என்கிறார் அவர். அடுத்து சர்வீஸ் கடை. "வைரஸ் வந்துச்சா? அப்ப ஃபார்மேட் போட்டுடலாம் சார். உள்ள ஏதாவது முக்கியமா வெச்சிருக்கீங்களா?"

வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள், மகளின் சான்றிதழ் ஸ்கேன்கள், அம்மாவின் தையல் கணக்கு. எல்லாம் அந்த ஒரே லேப்டாப்பில்தான்.

இந்தக் காலை எந்த வீட்டுக்கும் வரலாம். பல நேரங்களில் ஃபார்மேட் வரை போகவே வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குள் திருப்பி வைக்கப்பட்ட ஒரு சில செட்டிங்குகளைப் பழையபடி மாற்றினால் நெட் திரும்ப வந்துவிடும்.

திருடன் மாட்டினான்... பலகை மாறவில்லை!

ஜி.எஸ்.டி. சாலையில் 'தாம்பரம் போகும் வழி' என்ற பலகையை ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பி வைத்துவிட்டான். வண்டிகளெல்லாம் அவன் சந்து வழியாகவே போகின்றன. அங்கே அவன் வசூல் செய்கிறான். ஒருநாள் போலீஸ் அவனைப் பிடித்து, சந்தையும் அடைத்துவிடுகிறது. ஆனால், பலகையை யாரும் திருப்பி வைக்கவில்லை. இப்போது வருகிற வண்டிகளுக்கு என்ன ஆகும்? அடைத்த சந்தில் போய் நிற்கும்.

வைரஸ் போன பிறகு நெட் போவதும் இப்படித்தான். பல வைரஸ்கள், நீங்கள் பார்க்கும் தளங்களுக்குப் போகும் பாதையைத் தங்கள் வழியாகத் திருப்பிவிடுகின்றன. அதற்கு அவை தொடும் இடங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று 'ப்ராக்ஸி', அதாவது இடைத்தரகர். இன்னொன்று 'டி.என்.எஸ்.' இது இணையத்தின் டெலிபோன் டைரக்டரி. நீங்கள் தளத்தின் பெயரைக் கொடுத்தால், அது இருக்கும் எண் முகவரியை எடுத்துத் தருவது இதன் வேலை. ஆன்ட்டி வைரஸ் திருடனைப் பிடிக்கிறது. ஆனால், அவன் திருப்பி வைத்த பலகையை எல்லா நேரமும் சரிசெய்வதில்லை.

40 லட்சம் கம்ப்யூட்டர்களின் கதை

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற வைரஸ். வீடியோ பார்க்கத் தேவையான மென்பொருள் என்ற வேஷத்தில் உள்ளே நுழைந்து, அந்த டைரக்டரியையே மாற்றிவிடும். ஐட்யூன்ஸ் தளத்துக்குப் போக நினைத்தவர்கள், சம்பந்தமே இல்லாத வேறு தளத்தில் போய் இறங்கினார்கள். விளம்பரக் காசு திருடர்களுக்குப் போனது. 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் சிக்கின. கும்பல் சம்பாதித்தது குறைந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர்.

2011 நவம்பரில் எஸ்டோனியா நாட்டில் 6 பேர் கைதானார்கள். அப்போதுதான் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு ஒரு தர்மசங்கடம். திருடர்களின் சர்வர்களை உடனே அணைத்தால், அதை நம்பியிருக்கும் லட்சக்கணக்கான அப்பாவிகளுக்கு ஒரே நொடியில் நெட் போய்விடும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு, அந்த இடத்தில் நல்ல சர்வர்களைத் தற்காலிகமாக வைத்தார்கள். 'அதற்குள் உங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொள்ளுங்கள்' என்று கெடு கொடுத்தார்கள். முதலில் 2012 மார்ச் வரை. பிறகு ஜூலை 9 வரை நீட்டித்தார்கள்.

கெடு முடிந்தபோதும் உலகம் முழுக்க 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் சரிசெய்யப்படாமல் இருந்தன. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் இந்தியாவும் முன்னணியில் இருந்தது. நம் நாட்டில் மட்டும் பல ஆயிரம். கும்பலின் தலைவனுக்கு 2016-ல் அமெரிக்க நீதிமன்றம் 7 ஆண்டுகளுக்கும் மேல் சிறைத்தண்டனை கொடுத்தது.

அந்த வைரஸ் ஓய்ந்துவிட்டது. ஆனால், பலகையைத் திருப்பும் அதே தந்திரம் வேறு வேறு பெயர்களில் இன்றும் வருகிறது.

முதலில் அவசர வேலை

நெட் போனதும் லேப்டாப்போடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். கெடு இருக்கும் வேலையை வைரஸ் படாத வேறு லேப்டாப்பிலோ போனிலோ முடியுங்கள். கலந்தாய்வு என்றால் அதற்கான சேவை மையங்களும் இருக்கின்றன. அதே போனிலேயே வங்கி, இமெயில் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள். வந்த வைரஸ் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனது என்று யாருக்கும் தெரியாது.

வரிசையாகச் சோதியுங்கள்

1. கோளாறு எங்கே? அதே வைஃபையில் வீட்டிலுள்ள போனோ டி.வி.யோ வேலை செய்கிறதா? போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வேலை செய்தால் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு கம்ப்யூட்டரில்தான். எதிலுமே நெட் வரவில்லை என்றால் லைனையோ ரவுட்டரையோ கவனிக்க வேண்டும்.

2. ப்ராக்ஸி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'செட்டிங்ஸ்' உள்ளே 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ப்ராக்ஸி' இருக்கும். அங்கே 'யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்', 'யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்' இரண்டும் 'ஆஃப்' ஆக இருக்க வேண்டும். நீங்கள் தொடாமலேயே 'ஆன்' ஆகியிருந்தால் அதுதான் திருடன் வைத்த பலகை. முகவரிக் கட்டத்தில் 127.0.0.1 என்று இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கம்ப்யூட்டர் தன்னையே குறிக்கும் எண் அது. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருந்த வைரஸ்தான் இடைத்தரகராக இருந்திருக்கிறது. ஆனால், அலுவலக லேப்டாப்பாக இருந்தால் கைவைக்காதீர்கள். நிறுவனமே ப்ராக்ஸி வைத்திருக்கலாம்.

3. டி.என்.எஸ். அதே 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் உங்கள் வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். அங்கே முகவரிகளைத் தானாகப் பெற்றுக்கொள்ளும் 'ஆட்டோமேட்டிக்' முறை இருக்க வேண்டும். நீங்கள் போடாத எண்கள் அங்கே இருந்தால் எடுத்துவிட்டு 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

4. பிரவுசர். குரோம், எட்ஜ் எதுவானாலும் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பட்டியலைப் பாருங்கள். இலவச கூப்பன், வீடியோ டவுன்லோடர் என்று நீங்கள் நினைவில்லாமல் சேர்த்தவை இருந்தால் நீக்குங்கள்.

5. நெட்வொர்க் ரீசெட். இதுவரை சரியாகவில்லையா? 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியின் கடைசிப் பக்கம் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கும். (விண்டோஸ் 11-ல் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' உள்ளே.) இது நெட்வொர்க் அமைப்புகளைப் புதிது போல ஆக்கிவிடும். படங்களோ கோப்புகளோ அழியாது. கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழும். வைஃபை பாஸ்வேர்டை மறுபடி போட வேண்டியிருக்கும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நெட் வந்ததும் ஆன்ட்டி வைரஸை அப்டேட் செய்து, முழு ஸ்கேன் ஓட்டுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். மாற்றிய ப்ராக்ஸியோ டி.என்.எஸ்.ஸோ மறுநாளே பழையபடி திரும்பினால், திருடன் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்று அர்த்தம்.

ரவுட்டரையும் மறக்காதீர்கள்

டி.என்.எஸ். சேஞ்சர் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருந்த ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. அப்படி நடந்தால் வீட்டிலுள்ள போன்கள்கூட தவறான வழியில் போகும். எல்லாக் கருவிகளிலும் சம்பந்தமில்லாத பக்கங்கள் திறந்தால் ரவுட்டர்மீது சந்தேகப்படுங்கள். லைன்காரரை அழைத்து, அவர் இருக்கும்போதே ரவுட்டரை ரீசெட் செய்து, உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு.

உதவி யாரிடம்?

திரையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று வந்தால், அந்த எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள். எந்த நல்ல நிறுவனமும் இப்படி எண் கொடுத்துக் கூப்பிடுவதில்லை. அழைத்தால் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்கும் செயலியைப் போடச் சொல்வார்கள். அடுத்து வங்கிக் கணக்குதான்.

மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' 2017 முதல் வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. நம் பக்கத்திலேயே சோழிங்கநல்லூரில் ஆன்ட்டி வைரஸ் தயாரிக்கும் கே7 நிறுவனம் இருக்கிறது. 1991-ல் கேசவர்தனன் தொடங்கிய சென்னை நிறுவனம் இது. பணம் பறிபோயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை, ஃபார்மேட்தான் வழி என்று ஆகலாம். வைரஸ் ஆழமாகப் புகுந்திருந்தால் அதுதான் பாதுகாப்பும்கூட. அப்போதும் கடைக்காரரிடம், "முதல்ல படம், டாக்குமென்ட் எல்லாத்தையும் வேற டிஸ்க்ல எடுத்து எனக்குக் காட்டுங்க. அப்புறம் ஃபார்மேட் போடுங்க" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் பல வருட நினைவுகளைக் காப்பாற்றும்.

கிழக்கு தாம்பரம் வீட்டுக்குத் திரும்புவோம். மகள் சேலையூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய், அவர் லேப்டாப்பில் பட்டியலைப் பதிவு செய்துவிட்டாள். சாயங்காலம் அப்பா ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்தார். 'ஆன்' என்று இருந்தது. 'ஆஃப்' செய்தார். நெட் வந்தது.

அடுத்த வேலையாக, தாத்தாவின் படங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி பீரோவில் வைத்தார் அம்மா. உங்கள் வீட்டுப் படங்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன?