ப்ளஸ் ஒன் சேர்க்கை: தனியார் பள்ளியில் படிவம் வாங்குவதற்கு முன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பெயர் பெற்ற தனியார் மேல்நிலைப் பள்ளிகளின் அலுவலகங்களில் கூட்டம் கூடிவிடுகிறது. மார்க் ஷீட்டோடு போகிற பெற்றோருக்கு அங்கே நிதானமாகப் பேச வாய்ப்பில்லை. எந்த குரூப் கிடைக்கும், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளை இதுவரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், அந்த வரிசையில் நிற்பதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நீட் தேர்வில் தகுதி பெறும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டாயக் கல்விச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது.

அதாவது, ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, கடைசி இரண்டு ஆண்டுகளுக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த உரிமை முழுதாகப் போய்விடும். சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீடு எங்கே படித்தாலும் தொடரும். போவது இந்த 7.5 சதவீதம்தான். இந்த ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கிடைக்கும் மதிப்பெண், பொதுப் போட்டியில் தேவைப்படுவதைவிடக் கணிசமாகக் குறைவு. டாக்டராக்க வேண்டும் என்று கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற குடும்பம், அந்தக் கனவுக்கு இருந்த நேர்வழியைத் தானே அடைத்துவிடுகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கே இது அதிகம் நேர்கிறது என்பதுதான் வேதனை.

கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே போன்ற நிபந்தனை கொண்டவை. அவற்றில் மட்டும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

எல்லாம் யோசித்தும் தனியார் பள்ளிதான் என்று முடிவு செய்தால், கட்டணத்தைக் கவனியுங்கள். 2009-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டண நிர்ணயக் குழு தொகையை வரையறுக்கிறது. அதற்கு மேல் வாங்குவது குற்றம். ரசீது இல்லாமல் பணம் கேட்டால், எவ்வளவு நல்ல பள்ளியானாலும் கொடுக்க வேண்டாம்.

அடுத்து பாடம். ப்ளஸ் ஒன் பாடங்களை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ பாடத்தையே நடத்திய பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்கவே 2017-18-ல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. நீட், ஜேஇஇ இரண்டிலும் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்விகள் வருகின்றன. எனவே ப்ளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா என்று அங்கே இப்போது படிக்கிற பிள்ளைகளிடமே விசாரியுங்கள். வாசலில் வைத்திருக்கும் பேனரில் அந்த விவரம் இருக்காது.

மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டால், விட்ட ஒதுக்கீட்டை மீட்க வழியில்லை. அதற்கு முன் ஒருமுறை உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.