தர்மச் சந்தைக்குச் செல்லும் ஆடுகள்

பள்ளிக் கட்டடத்திற்கும், ஆதரவற்ற குழந்தைகளின் உணவிற்கும் பணம் திரட்டும் பொருட்டு நகரங்களில் நடத்தப்பெறும் தர்மச் சந்தைகளில் புதியதோர் அம்சம் சேர்ந்துள்ளது. ஆடு, கன்று, முயல், கோழிக்குஞ்சு முதலியவற்றை ஒரு கொட்டிலில் நிறுத்தி, நுழைவுச் சீட்டு வாங்கிய குழந்தைகள் அவற்றைத் தொட்டுத் தடவி மகிழ விடுகின்றனர். மாடி வீட்டிலேயே பிறந்து வளரும் குழந்தைக்கு ஆட்டுக்குட்டியின் நெற்றியைத் தடவுவது பெரும் பேறுதான். அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த ஆடு யாருடையது?

பெரும்பாலும் நம் அங்கத்தினர்களுடையதே. கணவர் பகலெல்லாம் தறிக்குழியில் இருக்க, மனைவி வாசலில் இரண்டு ஆடுகளைக் கட்டி வளர்ப்பது கொங்கு நாட்டு நெசவாளர் இல்லங்களில் நெடுநாளைய பழக்கம். பாவு கிடைக்காமல் கூலி நின்ற வாரத்தில் அரிசி வாங்கித் தருவது அந்த ஆடுகளே.

சென்ற கோடையில் நம் சரகத்துச் சங்கமொன்றில் தணிக்கைக்குச் சென்றிருந்தோம். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட நன்றிக் கடிதம் ஒன்று தொங்கிற்று. அங்கத்தினர் எழுவரின் ஆடுகளைத் தர்மச் சந்தைக்கு இரவல் தந்தமைக்காக வந்ததாம். ஊரார் ‘குட்டி யானை’ என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியில், நண்பகல் வெயிலில், கால்களைக் கட்டிக் கிடத்தி அவற்றைக் கொண்டு சென்றிருக்கின்றனர். அன்று முழுதும் குழந்தைகள் ரொட்டியும் பிஸ்கோத்தும் ஊட்டினர். இரவு திரும்பிய ஆடுகளில் இரண்டு வயிறு உப்பி அசைபோட மறந்து நின்றன. சினையாயிருந்த ஒன்று மூன்றாம் நாள் குட்டியைச் செத்தே ஈன்றது. பயணமே காரணமென்று கால்நடை மருத்துவர் உறுதி கூறவில்லை. சினை ஆட்டை ஏற்றியிருக்கவே கூடாது என்று மட்டும் சொன்னார். அந்த ஆடு சங்கக் கடனில் வாங்கியது. தவணை பாக்கி நிற்கிறது. நாம் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். இந்நிகழ்ச்சி குறித்து வரவுமில்லை, செலவுமில்லை.

தர்மத்தின் புகழ் நகரத்தாருக்கும், அதன் நஷ்டம் ஒரு நெசவாளியின் மனைவிக்குமாகப் பிரிந்த இக்கணக்கை நம்மால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. தேவையற்ற துன்பம் நேரும்படி பிராணிகளை ஏற்றிச் செல்வது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றம். (அச்சட்டம் முதற் குற்றத்திற்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான், சந்தையின் நுழைவுச் சீட்டே அதற்கு மேல் விற்கும்!) 1978-ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகள், ஆடுகளுக்குக் கால்நடை மருத்துவரின் சான்றும், வண்டியின் தரையில் 5 செ.மீ. கனத்திற்குக் குறையாமல் வைக்கோலும் வேண்டுமென்கின்றன. கால்களைப் பிணைத்துக் கிடத்தலாகாது, கிடாக்களைப் பெட்டைகளோடு கலந்து அடைத்தலாகாது என்கின்றன. இவ்விதிகள் 6 மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்திற்கே என்று வண்டிக்காரர் வாதிக்கலாம். வாதம் சரிதான், ஆனால் ஒரு மணி நேரம் கட்டிப்போட்டாலும் கால் வலிக்கவே செய்யும். மேலும், சீட்டு விற்று நடத்தும் கேளிக்கையில் பிராணிகளைக் காட்டுவதற்குப் பதிவு வேண்டுமென்பதும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. ருக்மிணி தேவி அருண்டேலின் தலைமையில் 1962-இல் சென்னையில் தோன்றிய விலங்குகள் நல வாரியத்திடம் அதனைக் கேட்டறிவது சந்தை நடத்துவோர் பொறுப்பு. கேட்டார்களா என்று வினவுவது நம் பொறுப்பு.

நோயையும் எண்ண வேண்டும். பல ஊர் ஆடுகள் ஒரே கொட்டிலில் மூக்கோடு மூக்கு உரச நின்றால் ஆட்டுக்கொல்லி நோய் எளிதிற் பரவும். ஆகவே தடுப்பூசி போடாத ஆட்டை அனுப்பலாகாது. திரும்பி வந்ததையும் இரண்டு மூன்று வாரம் மந்தையில் சேர்க்காமல் தனியே கட்டுதல் நன்று. தொடும் குழந்தைகளுக்கும் ஆபத்துண்டு. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், பார்வையாளர் பிராணிகளைத் தொட்டு மகிழ்ந்த பண்ணையொன்றிலிருந்து 2009-இல் ஈ.கோலி கிருமி பரவி 93 பேர் நோயுற்றனர்; அவர்களிற் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். கொட்டிலின் வாயிலில் சோப்பும் ஓடும் நீரும் கட்டாயம் வேண்டும். கையில் தடவிக்கொள்ளும் திரவம் அதற்கு ஈடாகாது.

மேற்சொன்ன சங்கத்தின் நிர்வாகக் குழு பின்னர் கூடித் தீர்மானமொன்று நிறைவேற்றியது. இரவல் கேட்போர் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வண்டி விடியுமுன் புறப்பட்டு, வெயிலேறுமுன் சேர வேண்டும். ஆட்டுக்காரரில் ஒருவர் உடன் செல்வார்; அவருக்கு அன்றைய நெசவுக் கூலி தரப்படும். சினை ஆடும், தாய்ப்பால் குடிக்கும் குட்டியும் அனுப்பப்படா. வீட்டிலிருந்து கொண்டு சென்ற தழையே தீனி. மணிக்கு ஒருமுறை ஆட்டை நிழலில் ஒதுக்கி, தண்ணீர் காட்டி, குழந்தைகளின் கை படாமல் விட வேண்டும். சேதத்திற்கான ஈட்டுத்தொகையை முன்பணமாகச் சங்கத்தில் கட்டிய பிறகே ஆடு படியிறங்கும்.

இவ்வாண்டும் அதே சந்தைக்காரர் வந்தனர். நிபந்தனைகளைப் படித்து முகஞ்சுளித்தனர். இரண்டு நாள் கழித்து முன்பணத்துடன் திரும்பினர். கேட்டது பன்னிரண்டு ஆடுகள், அனுப்பியது நான்கு. குட்டியை இழந்த அம்மையார் தம் ஆட்டை இம்முறை தரவில்லை. அவரை எவரும் வற்புறுத்தவுமில்லை. நான்கு ஆடுகளுக்குமான வாடகை அன்று மாலையே பேரேட்டில் வரவு வைக்கப்பட்டிருந்தது.