ஏரிக்கரையில் சேமிப்புக் கொட்டகை: கடனுக்கு முன் அளக்க வேண்டிய 30 மீட்டர்

எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய தொட்டத்தோகூரு, சிக்கத்தோகூரு பகுதிகளில் சிறுதொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள், சரக்கு வைக்கக் கொட்டகை அமைப்பதற்குக் கடன் கோரி எங்களை அணுகுவதுண்டு. நிலம் ஏரிக்கு அருகில் இருப்பின், ஏரி எல்லைக்கும் மனைக்கும் இடையே எத்தனை மீட்டர் உள்ளது என்பதையே நாங்கள் முதலில் கேட்கிறோம்.

பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் 2015 திருத்தியமைக்கப்பட்ட பெருந்திட்டம், ஏரியைச் சுற்றி 30 மீட்டரைக் கட்டுமானம் கூடாத பகுதியாக வகுத்துள்ளது. ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்களுக்கு, வகைக்கேற்ப அவற்றின் மையத்திலிருந்து 50, 25, 15 மீட்டர் விட வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதம் ஏரிக்கான இடைவெளியை 75 மீட்டராக உயர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2019 மார்ச் 5 அன்று அதை நீக்கியதால் பெருந்திட்ட அளவே மீண்டும் நிலைபெற்றது. ஹெப்பகோடி பக்கம் ஆனேக்கல் திட்டமிடல் ஆணையத்தின் எல்லைக்குள் வருவதால், அங்கு அதன் பெருந்திட்டத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகின்றனர். நீர் தேங்கி நிற்கும் விளிம்பு கணக்கில் வராது. வருவாய்த் துறை ஆவணத்தில் கண்ட ஏரி எல்லையே அளவுக்குரியது. கோடையில் வற்றி, விளையாட்டுத் திடல்போலத் தோன்றும் ஏரியும் ஆவணத்தில் ஏரியே. நாற்பதுக்கு அறுபது அடி மனையின் நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். ஏரி எல்லையை ஒட்டி அத்தகைய மனை அமைந்தால், அது முழுவதுமே இடைவெளிக்குள் அடங்கிவிடும். கொட்டகைக்கு ஓர் அடியும் மிஞ்சாது.

‘தகரக் கூரைதானே, விதித் தளர்வு பெறலாகாதா?’ என்று கேட்போர் உண்டு. தகரக் கொட்டகையும் கட்டுமானமே. நியூயார்க் நகரம் 1916-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கோரிக்கைகளை விசாரிக்க மேல்முறையீட்டுக் குழுவை அமைத்தது. இங்கு நெருங்கிய வழி, கர்நாடக நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் 1961-இன் 14ஏ பிரிவு. வரைபடப் பிழை போன்ற காரணங்களுக்காக, நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்டு, அரசின் முன் ஒப்புதலுடன் நிலப் பயன்பாட்டை மாற்றலாம். அம்மாற்றம் பொதுநலன் கருதியதாக இருக்க வேண்டும். ஒருவரது சரக்கறை அதற்குள் அடங்குவது அரிது. குடியிருப்பு நிலம் தொழில் நிலமாக மாறினாலும் ஏரி இடைவெளி அப்படியே நிற்கும். பெரிய நிலமுடையோர்க்கு ஒரு சலுகை உண்டு: வரைபட ஒப்புதலின்போது அந்த 30 மீட்டரைப் பூங்காவுக்கு ஒதுக்கிய இடமாகக் கணக்கில் கொள்ளலாம்.

முதலில் கட்டி, பின்னர் முறைப்படுத்தலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ‘அக்ரம–சக்ரம’ திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2017-இல் தடை விதித்தது. அதற்கு முந்தைய ஆகஸ்டில், அவனி சிருங்கேரி நகரில் கால்வாய்மீது இருந்தவை எனக் கூறி மாநகராட்சி வீடுகளை இடித்தது. அடமானக் கட்டடம் இடிந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை.

ஏரியின் பரப்புக்கேற்ப இடைவெளியைக் குறைக்கும் மசோதா 2025-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதை நம்பி நிலம் வாங்குவோர், அது நடைமுறைக்கு வந்துள்ளதா என்பதைத் திட்டமிடல் ஆணையத்தில் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் திஷாங்க் செயலியில் சர்வே எண்ணைப் பார்த்து, கிராம வரைபட நகலுடன் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, அந்த வரைபடத்தைக் கடன் விண்ணப்பத்துடன் இணைத்துத் தருக.