நெறிக்கட்டிக்குள் இத்தனை அதிசயங்களா? தெரியுமா உங்களுக்கு!

காலில் முள் தைத்தால் இரண்டு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்கிறது. புண் இருப்பது கீழே, வீக்கம் வருவது மேலே. ஏன் தெரியுமா? ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே உடம்பு முழுக்க இன்னொரு குழாய் வலை ஓடிக்கொண்டிருக்கிறது! அதில் ஓடுவது நிறமற்ற நிணநீர். திசுக்களில் கசிந்து தேங்கும் நீரை நாளொன்றுக்குச் சில லிட்டர் திரட்டி, கழுத்தடியில் மீண்டும் ரத்தத்தோடு சேர்க்கும் வடிகால் அது. வழியெங்கும் நூற்றுக்கணக்கான நிணநீர்க் கணுக்கள். காலிலிருந்து ஏறிவரும் கிருமியைத் தொடை இடுக்குக் கணு மறித்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையின் வீக்கம்தான் நெறி! இத்தனைக்கும் இந்த வலைக்கு இதயம் மாதிரி ஒரு பம்பு கிடையாது. குழாய்ச் சுவர்கள் தாமே சுருங்குகின்றன; நாம் நடப்பதும் மூச்சுவிடுவதும் மிச்சத்தைத் தள்ளிவிடுகின்றன.

1622-இல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர், அப்போதுதான் வயிறு நிறைய உண்ட ஒரு நாயை அறுத்துப் பார்த்தார். குடலைச் சுற்றி வெள்ளை இழைகள்! நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார். பால் போல வழிந்தது. உணவின் கொழுப்பைச் சுமந்து செல்லும் நிணநீர்க் குழாய்கள் அவை. உண்ணாத நாயாக இருந்திருந்தால் அவர் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது!

இந்த நிணநீர் வடிகாலுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு புழுவை நமக்கு நன்றாகத் தெரியும். யானைக்கால் நோயைத் தரும் புழு! கும்பகோணமும் வேலூரும் செங்கல்பட்டும் ஒரு காலத்தில் பட்ட பாடு கொஞ்சமா? இந்நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்குச் சுகாதாரப் பணியாளர்கள் ஏன் நடு இரவில் வந்து கதவைத் தட்டினார்கள் தெரியுமா? பகலில் அந்தப் புழுவின் குஞ்சுகள் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிக்கொள்ளும். இரவு பத்து மணிக்கு மேல்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். ஏனென்றால் அவற்றைச் சுமந்து செல்லும் கியூலெக்ஸ் கொசு இரவில்தான் கடிக்கும்! பசிபிக் தீவுகள் சிலவற்றில் கொசு பகலில் கடிக்கிறது. அங்கே குஞ்சுகளும் பகலில் வந்து நிற்கின்றன. இரவு முழுக்க விழித்துப் பகலில் தூங்கும் மனிதருக்குள் இவற்றின் நேரமும் தலைகீழாகிவிடுகிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு இப்படி ஒரு கடிகாரம்!

கொசு நோய் சுமக்கும் என்ற எண்ணத்துக்கே வித்திட்டது இந்தப் புழுதான். 1877-இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், நோய் கண்ட தம் தோட்டக்காரரைக் கொசு கடிக்கவிட்டு, அந்தக் கொசுவின் உடலுக்குள் புழு வளர்வதைக் கண்டார். ரொனால்ட் ராஸ் மலேரியாவை நிரூபித்தது இருபது ஆண்டு கழித்து, அதே மேன்சனின் வழிகாட்டலில்! இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. எவ்வளவு பெரிய சாதனை!

புழுவே இல்லாமலும் யானைக்கால் வரும் தெரியுமா? எத்தியோப்பிய மலைநிலங்களின் எரிமலைச் செம்மண்ணில் ஆண்டுக்கணக்கில் வெறுங்காலோடு நடந்தால், மண்ணின் நுண்துகள்கள் தோல் வழியே புகுந்து நிணநீர்க் குழாய்களைக் கெடுக்கின்றன. தடுக்கும் வழி? ஒரு ஜோடி செருப்பும், தினமும் கால் கழுவுவதும்!

இனி இந்தக் கணுக்களில் தோன்றும் புற்றுநோய்க்கு வருவோம். லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் ஏழு பேரின் வீங்கிய கணுக்களைப் பற்றி எழுதினார். கிட்டத்தட்ட யாரும் கவனிக்கவில்லை. 1865-இல் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு ஹாட்ஜ்கின் பெயரையே சூட்டினார். இது காசநோயின் ஒரு வடிவம் என்று பலர் அடித்துச் சொன்ன காலத்தில், 1902-இல் டோரதி ரீட் என்ற இளம் பெண் மருத்துவர் இல்லை என்று காட்டினார். இரட்டைக் கருவோடு ஆந்தைக் கண் மாதிரி முறைக்கும் அந்த ராட்சச செல்லுக்கு, அதைத் தனித்தனியே விவரித்த ரீட், ஸ்டெர்ன்பெர்க் இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. அதைவிட வியப்பு, ஹாட்ஜ்கின் கட்டியில் உண்மையான புற்றுசெல்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டுதான்! மிச்சமெல்லாம் அவை கூட்டிச் சேர்த்த சாதாரண நோய் எதிர்ப்புச் செல்கள். மது குடித்தவுடன் கட்டி வலிக்கும் விசித்திரமும் ஹாட்ஜ்கின் நோயாளிகள் சிலருக்கு உண்டு.

உலகின் முதல் கீமோதெரபி மருந்து எதிலிருந்து வந்தது தெரியுமா? போரில் மனிதரைக் கொன்ற கடுகு வாயுவிலிருந்து! அது தாக்கியவர்களின் வெள்ளணுக்கள் அழிந்து, கணுக்கள் சுருங்கிப் போனதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அப்படியானால் வீங்கிய கணுவையும் சுருக்குமே! 1942 ஆகஸ்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், கழுத்துக் கட்டியால் விழுங்கவே முடியாமல் கிடந்த நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு அதன் உறவு மருந்தான நைட்ரஜன் மஸ்டர்டை ஏற்றினார்கள். சில நாளில் கட்டி கரைந்தது! பிறகு திரும்பி வந்தது, அவர் பிழைக்கவில்லை. போர் ரகசியம் என்பதால் 1946 வரை இது வெளியே வரவில்லை. ஆனால் பரவிய புற்றுநோயை ரத்தத்தில் ஏற்றும் மருந்தால் அடிக்க முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

எனக்கு மிகப் பிடித்த கதை உகாண்டாவில் நடந்தது. கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் 1957-இல் தாடை முழுக்க வீங்கிய ஒரு சிறுவனைப் பார்த்தார் டெனிஸ் பர்க்கிட். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்த அறுவை மருத்துவர் அவர். சில வாரங்களில் வேறோர் ஊரில் அதே முகத்தோடு இன்னொரு குழந்தை! ஓரிரண்டு நாளிலேயே இரட்டிப்பாகும் நிணநீர்ப் புற்றுக் கட்டி அது. மனிதருக்கு வரும் புற்றுகளில் இவ்வளவு வேகம் வேறெதற்கும் இல்லை எனலாம். 1961-இல் ஒரு பழைய ஸ்டேஷன் வேகனில் இரண்டு நண்பர்களோடு கிளம்பி, சுமார் 16,000 கிலோமீட்டர் ஆப்பிரிக்கச் சாலைகளில் அலைந்து, நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று குறித்தார். வரைபடம் மலேரியா மண்டலத்தோடு பொருந்தியது! அதே ஆண்டு லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட ஆண்டனி எப்ஸ்டீன், இதற்குப் பின்னால் வைரஸ் இருக்க வேண்டும் என்று துள்ளினார். கட்டித் துண்டுகள் விமானத்தில் வந்தன. பனிமூட்டத்தால் ஒரு விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட, தாமதமாக வந்த குப்பியின் நீர் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டதென்று கொட்டாமல் நுண்ணோக்கியில் வைத்தார்கள். கலங்கலுக்குக் காரணம் உயிரோடு மிதந்த புற்றுசெல்கள்! 1964-இல் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் அவற்றுக்குள் கண்டது மனிதரில் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ். வளர்ந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் உடம்பில் இது இருக்கிறது, பெரும்பாலும் எந்தத் தீங்கும் செய்யாமல்! அந்தக் குழந்தைகளின் கட்டியைக் கரைத்த சைக்ளோபாஸ்பமைடு, கடுகு வாயுவின் வம்சத்தில் வந்த மருந்து.

இரைப்பையில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்று, அல்சர் கிருமியான ஹெலிகோபேக்டரை ஆன்டிபயாடிக் மாத்திரையால் ஒழித்தாலே பலருக்கு மறைந்துவிடுகிறது, தெரியுமா? 1993-இல் லண்டன் மருத்துவர்கள் இதைக் காட்டியபோது உலகமே வாய் பிளந்தது!

ஆகவே நெறி கட்டியதும் நடுங்க வேண்டாம். பெரும்பாலானவை புண்ணாலோ தொண்டை வலியாலோ வந்து தாமே வடிந்துவிடும். நம் நாட்டில் கழுத்துக் கணு விடாமல் வீங்கியிருக்கக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அதற்கு அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு. ஆனால் வலியே இல்லாமல் வாரக்கணக்கில் நிற்கும் கட்டி, கூடவே காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, எடை குறைவு என்றால் தாமதிக்காதீர்கள். திசு எடுத்துப் பார்க்கும் முன் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடவே போடாதீர்கள். கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, நோய் என்னவென்றே தெரியாமல் போய்விடும். முழுச் சிகிச்சை கிடைத்தால் ஹாட்ஜ்கின் நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இன்று குணமாகிறார்கள்!