சொட்... சொட்... ஒரு வாஷர் புராணம்!

ஆபீஸில் கம்ப்யூட்டரையே கதறடிக்கிற ஆசாமியா நீங்கள்? வீட்டில் பைப் சொட்டினால் மட்டும் ஏன் சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்?

பிளம்பரைக் கூப்பிட்டால் "தோ, பத்து நிமிஷத்துல வந்துடறேன் சார்" என்பார். எந்த மாசத்துப் பத்து நிமிஷம் என்று மட்டும் சொல்ல மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பத்து மாடி அபார்ட்மென்ட்டை விட்டுவிட்டு, ஒரு வாஷருக்காக உங்கள் வீட்டுக்கு எவர் வருவார்?

சொட்டுதானே என்று அலட்சியம் வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. டாக்டர்கள் கணக்குப்படி 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் நாலு லிட்டருக்கு மேல். மாசத்துக்கு எட்டுக் குடம்! 2019-ல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகமிருக்கிறதா? அந்த வருஷம் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர் என் அம்மா. பைப் சொட்ட ஆரம்பித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துபோய் பக்கெட் மாற்றுவார். அப்புறம்தான் நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

முதலில் நோய் எங்கே என்று பாருங்கள். பைப்பின் வாயில் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் உள்ளே சுற்றியிருக்கும் நூல் போய்விட்டது. சுவர் ஓரம் கசிந்தால் மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். அரைத் திருகில் திறக்கும் புது மாடல் என்றால் வாஷரே கிடையாது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

நம் பழைய பித்தளைப் பைப்புக்கு வைத்தியம் சுலபம். மொட்டைமாடி டேங்க் வால்வை மூடுங்கள். (இதை மறந்தால் குளியல் இலவசம்!) பைப்பைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். வாஷ்பேசின் என்றால் ஓட்டையில் பழைய துணியை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சின்னச் சாமான் ஏதாவது சாக்கடை யாத்திரை போய்விடும்.

இப்போது கைப்பிடிக்குக் கீழே உள்ள ஆறு பட்டை நட்டை ஸ்பேனரால் இடப்பக்கம் திருகுங்கள். இன்னொரு கையால் பைப்பை அசையாமல் பிடித்துக்கொள்வது ரொம்ப முக்கியம். பலத்தைக் காட்டினால் சுவருக்குள் இருக்கும் பி.வி.சி. எல்போ உடைந்து, ஒரு டீக்காசு வேலை கொத்தனார் செலவில் போய் முடியும். மேல்பாகம் கழன்று வந்ததும், அடியில் சட்டைப் பொத்தான் மாதிரி கறுப்பாக, பள்ளம் விழுந்து ஒன்று இருக்கும். அதுதான் குற்றவாளி!

அதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போங்கள். "அரை இஞ்ச்சா, முக்கால் இஞ்ச்சா?" என்று கடைக்காரர் கேட்டால் முழிக்க வேண்டாம், நீட்டினால் போதும். புதியதை மாட்டி, கைப்பிடியைத் திறந்த நிலையில் வைத்து, நட்டை வலப்பக்கம் முடுக்குங்கள். வால்வைத் திறங்கள். அவ்வளவுதான், அரை மணி நேர வேலை.

ஒரு வேண்டுகோள்: இனிமேல் பைப்பை விரோதியின் கழுத்து மாதிரி நெரிக்காதீர்கள். அழுத்தி மூட மூடத்தான் வாஷர் சீக்கிரம் தேய்கிறது. அதேபோல் சுவரே ஈரம் பூத்திருந்தால் வீரம் வேண்டாம். மரியாதையாக பிளம்பருக்கே போன் போடுங்கள்.

அன்றைக்கு ராத்திரி அம்மா எழுந்து வரவில்லை. விடிய விடிய நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் காபியோடு வந்த என் மனைவி பைப்பைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள். "பரவாயில்லையே!" என்றாள். நான் காலரைத் தூக்கிவிடுவதற்குள் அடுத்த வரி வந்தது...

"அப்படியே அந்த மிக்ஸியையும் பார்த்துடுங்க!"