சிங்கப்பெருமாள் கோயிலில் எந்த வண்டி நிற்கும்?

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் செங்கல்பட்டு லோக்கல் நிற்கும்; மதுரை போகும் வைகை எக்ஸ்பிரஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் பறக்கும். இதை ஒரு டேபிளில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு ஒரு ரோ. ஒரு பத்தியில் வண்டி எண். இன்னொரு பத்தியில், அது நிற்கும் ஊர்கள் மொத்தமும் ஒரே பட்டியலாக: {தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு}. ஒரே கட்டத்துக்குள் இப்படிப் பட்டியலே உட்கார்ந்திருந்தால் அது அரே பத்தி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இது சர்வசாதாரணம்.

‘நம்ம ஊரில் நிற்கும் வண்டிகள் எவை?’ என்று கேட்டால்தான் சிக்கல். வழக்கமான பி-ட்ரீ இண்டெக்ஸ் முழுப் பட்டியலையும் ஒரே சொல்லாகப் பார்த்து, முதல் ஊரை வைத்து அடுக்கிவிடும். தாம்பரத்தில் தொடங்குபவை எவை என்று அதனால் சொல்ல முடியும். நடுவில் இருக்கும் நம்ம ஊர் அதன் கண்ணில் படாது. டேபிளை முதலிலிருந்து கடைசிவரை புரட்ட வேண்டியதுதான்.

உ.வே.சா. பதிப்பித்த நூல்களின் கடைசியில் அரும்பத அகராதி இருக்கும். சொல்லைப் பிடித்தால் அது வரும் பக்கங்கள் கிடைக்கும். 2006இல் போஸ்ட்கிரெஸ் 8.2-இல் வந்த ‘ஜின்’ இண்டெக்ஸ் செய்வதும் இதையேதான். பட்டியலை உடைத்து, ஒவ்வோர் ஊரின் பெயருக்கும் எதிரே அந்த ஊர் வரும் ரோக்களைக் குறித்து வைக்கும். இதற்கு விலையும் உண்டு: முப்பது ஊரில் நிற்கும் வண்டி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் முப்பது இடத்தில் எழுத வேண்டும்.

அரே பத்தியில் இந்த இண்டெக்ஸுக்குப் புரியும் குறிகள் நான்கே. @> என்றால் ‘இவை எல்லாம் இருக்கிறதா’. && என்றால் ‘இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா’. <@ என்றால் ‘இவற்றைத் தவிர வேறெதுவும் இல்லையே’. நான்காவது, சாதாரண சமக்குறி.

பலரும் சறுக்கும் இடம் வேறு. ‘பட்டியலில் ஏதாவது ஒன்று சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் சமமா’ என்று ‘எனி’ போட்டுக் கேட்பார்கள். விடை சரியாக வரும், ஆனால் இண்டெக்ஸ் அசையாது. அங்கே சமக்குறி ஒப்பிடுவது ஊரோடு ஊரை. ஜின் அறிந்த நான்கும் பட்டியலோடு பட்டியலை ஒப்பிடுபவை. அதே கேள்வியை @> போட்டு, ஒரே ஊர் உள்ள பட்டியலாகக் கொடுத்தால் இண்டெக்ஸ் வேலை செய்யும். இது தெரியாமல் நானே ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன். வந்த விடையில் தப்பே இல்லாதபோது யார் சந்தேகப்படுவார்கள்?

இன்னொன்று, ஊர்களின் முன்பின் முறை ஜின்னுக்குத் தெரியாது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரும் வண்டியும் திரும்பிப் போகும் வண்டியும் அதற்கு ஒன்றே; அதே ஊர்கள்தானே! ஆகவே சமக்குறி போட்டுக் கேட்டால் இண்டெக்ஸ் இரண்டையும் நீட்டும். போஸ்ட்கிரெஸ் அதை அப்படியே நம்பாமல், டேபிளுக்குப் போய் மூலப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் தள்ளும். <@ குறிக்கும் இந்த மறுபரிசோதனை உண்டு. கேட்ட ஊரில் நிற்கிறதா என்று இண்டெக்ஸ் சொல்லிவிடும். கேட்காத ஊரிலும் நிற்கிறதா என்பது பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

சில நூறு ரோக்கள்தான் என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். இண்டெக்ஸ் இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் அதைத் தொடாமல் முழுதாகப் புரட்டிவிடும், அதுதான் வேகம். நாட்டில் ஓடும் எல்லா வண்டிகளையும் தேதிவாரியாகச் சேர்த்து வைத்தால் கதை வேறு. அப்போதும் ‘இங்கிருந்து தாம்பரம் போக’ என்று கேட்பவருக்கு @> மட்டும் போதாது. செங்கல்பட்டு பக்கம் போகும் வண்டியும் சேர்ந்தே வரும். இரண்டு ஊரும் உள்ள வண்டிகளை ஜின் பொறுக்கித் தரட்டும். அவற்றில் சிங்கப்பெருமாள் கோயில் எத்தனையாவது, தாம்பரம் எத்தனையாவது என்று எண்ணிப் பார்த்து, நம்ம ஊர் முதலில் வருவதை மட்டும் வைத்துக்கொண்டால் சரியான பிளாட்பாரத்தில் நிற்கலாம்.