கில்ட்டுக்குக் கட்டம் தேர்ந்தெடுப்பது எப்படி?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் பழமொழி. ஸ்காட்லாந்து மக்களைக் கேட்டால், ஆடையிலும் பாதி அதன் கட்டத்தில் இருக்கிறது என்பார்கள். அவர்களது தேசிய உடையாகிய கில்ட்டைத் தைக்கக் கொடுப்பவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வியே, எந்தக் கட்டம் என்பதுதான். அதை எவ்வாறு முடிவு செய்கிறார்கள் என்று பார்ப்போமா?

கில்ட் என்பது இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஆண்கள் அணியும் கம்பளி உடை. முன்பக்கம் தட்டையாகவும், பின்பக்கம் நம் சேலைக் கொசுவத்தைப் போல அடுக்கடுக்காகவும் இருக்கும். நல்ல கில்ட் ஒன்றுக்கு எட்டு கஜம் துணி வேண்டும். பெண்கள் அதே துணியில் பாவாடையோ, தோளில் போடும் பட்டையோ அணிவதுண்டு. நடனமாடும் பெண்கள் கில்ட்டே அணிகிறார்கள். ஒருமுறை தைத்தால் பல்லாண்டு உழைக்கும் உடை. தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதும் உண்டு. விலையும் குறைவன்று. அவசரப்பட்டுத் தேர்ந்தெடுத்தால் ஆயுள் முழுவதும் அதையே கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

இந்தக் கட்டத் துணிக்கு டார்டன் என்று பெயர். பாவில் எந்த வண்ண இழைகள் எந்த வரிசையில், எத்தனை எத்தனையாக ஓடுகின்றனவோ, பெரும்பாலும் அதே வரிசையும் எண்ணிக்கையுமே ஊடையிலும் வரும். இரண்டு இழைக்கு மேலும் இரண்டு இழைக்குக் கீழுமாக நெய்வதால், இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது நிறம் ஒன்று தோன்றுகிறது. இரண்டே நிற நூல் இருந்தால் துணியில் மூன்று சாயல்கள்; நான்கு நிறமானால் பத்து; ஆறு நிறமானால் இருபத்தொன்று! கணக்கில் விருப்பமுள்ள தோழியர் போட்டுப் பார்க்கலாம். திரும்பத் திரும்ப வரும் முழுக் கோலத்தை நெசவாளர் 'செட்' என்கிறார்கள்.

ஒவ்வொரு குலத்துக்கும் ஆதிகாலம் தொட்டே தனி டார்டன் உண்டு, மற்றவர் அதை அணியலாகாது என்று பலர் நம்புகிறார்கள். இது பாதிதான் உண்மை. கட்டத் துணி மிகப் பழமையானது என்பதில் ஐயமில்லை. 1933-இல் ஃபால்கிர்க் ஊரில் உரோமானிய வெள்ளிக் காசுகள் நிறைந்த பானை ஒன்று கிடைத்தது. அதன் வாயை அடைத்திருந்த கம்பளித் துண்டு கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாயம் ஏற்றாத இரு நிறக் கம்பளியால் ஆன கட்டத் துணி அது. க்ளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் சேற்று நிலத்தில் கிடைத்த பல நிற டார்டன் ஒன்று 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது என 2023-இல் அறிவித்தார்கள். ஆனால் இவற்றில் எதுவும் இன்ன குலத்தின் அடையாளம் என்று சொல்ல வழியில்லை.

இந்த உடைக்காகச் சிறை சென்ற காலமும் உண்டு. ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற எழுந்த படை, 1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் தோற்றது. அவ்வாண்டே உயர்நில மக்களின் உடையைத் தடை செய்து சட்டம் வந்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை ஏழாண்டு நாடு கடத்தல். ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டுமே தடை. பெண்களைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. படைவீரருக்கும் விலக்கு இருந்தது. 1782-இல்தான் தடை நீங்கியது.

அதன் பிறகே குலத்துக்கொரு கட்டம் என்னும் வழக்கம் உறுதிப்பட்டது. பானக்பர்ன் ஊரில் வில்சன் குடும்பத்தாரின் நெசவாலை இருந்தது. 1819-இல் அவர்கள் எழுதிவைத்த குறிப்பேட்டில் இருநூறுக்கு மேற்பட்ட கட்டங்கள் உண்டு. சிலவற்றுக்குப் பெயர், சிலவற்றுக்கு எண். பிற்காலத்தில் மக்ஃபர்சன் குலத்தின் டார்டன் ஆனது அவர்களிடம் 43-ஆம் எண்ணாக இருந்ததுதான். 1815-இல் லண்டன் ஹைலாண்ட் சங்கத்தார், "உங்கள் குலத்தின் டார்டனை முத்திரையிட்டு அனுப்புங்கள்" என்று குலத் தலைவர்களைக் கேட்டபோது, நம்முடையது எது என்று விசாரிக்கத் தொடங்கிய தலைவர்களும் இருந்தார்கள். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டால் நகரமே டார்டன் மயமாயிற்று. 1842-இல் இரு சகோதரர்கள், பழஞ்சுவடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு டார்டன் நூலை வெளியிட்டார்கள். சுவடி பொய் என்று பிறகு தெளிவாயிற்று. ஆயினும் அதிலிருந்த பல கட்டங்களைக் குலங்கள் இன்றும் தம்முடையவையாகவே போற்றுகின்றன. அது தவறென்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் உடுத்திய கட்டம், உடுத்தியவர்களுக்குச் சொந்தமாகாமல் வேறு யாருக்குச் சொந்தம்?

ஆகவே இன்று தேர்ந்தெடுப்பவரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் சட்டமன்று, மரியாதைதான். தந்தை வழிக் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தையே பலர் முதலில் தேடுவார்கள். தாய் வழிப் பெயரைக் கொள்வதும் ஏற்ற வழக்கமே. பெயர் வழியே ஒன்றும் அமையவில்லையா? ஊருக்கும் வட்டாரத்துக்கும் உரிய கட்டங்கள் உள்ளன. குருமாருக்கென்றே ஒரு டார்டன் உண்டு என்பது நம் அருட்சகோதரிகளுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்! ஸ்காட்லாந்து உறவே இல்லாதவர்களுக்குக் கருநீலமும் கரும்பச்சையும் கலந்த 'பிளாக் வாட்ச்' போன்ற பொதுக் கட்டங்கள் பொருத்தம். விலக்க வேண்டியது பால்மோரல் டார்டன். விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் 1853-இல் வரைந்த அது அரச குடும்பத்துக்கே உரியது. எதுவும் மனத்துக்குப் பிடிக்காவிட்டால் புதிதாக ஒன்றை வரைந்து, 2009-இல் தொடங்கிய அரசாங்க டார்டன் பதிவேட்டில் பதியலாம்.

கட்டம் முடிவானபின் நிறம். கடைகளில் ஒரே கட்டம் 'பழையது', 'புதியது' என்று இருவிதமாகக் கிடைக்கும். இது வயதைக் குறிப்பதன்று. மூலிகைச் சாயம் போன்ற மென்மையான நிறமானால் 'பழையது'. அழுத்தமான நிறமானால் 'புதியது'. பச்சையும் பழுப்பும் மேலோங்கினால் அதை வேட்டை டார்டன் என்பர். வெண்மை மேலோங்கியது விழா டார்டன். முற்காலத்தில் பெண்கள் போர்த்திய வெண்ணிறப் போர்வையிலிருந்து வந்தது அது.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று: செட்டின் அளவு. பின்பக்கத்தில் கட்டம் குலையாமல் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு முழுச் செட் மறைய வேண்டும். மடிப்புக்கென்று 180 அங்குலத் துணி இருப்பதாகக் கொள்வோம். செட் ஆறு அங்குலமானால் முப்பது மடிப்புகள் வரும்; ஒன்பது அங்குலமானால் இருபதுதான். மெலிந்த உடலுக்குப் பெரிய செட் எடுத்தால், முன்பக்கத்தில் ஒரு கட்டம்கூட முழுமையாகத் தெரியாது. படைவீரர் பலரின் வழக்கம் வேறு. ஒவ்வொரு மடிப்பின் மேலும் ஒரே கோடு வருமாறு அவர்கள் தைக்கிறார்கள். நிற்கும்போது ஒரு நிறமாகத் தெரியும் கில்ட், நடக்கும்போது மடிப்பு விரிந்து வேறு நிறம் காட்டும். இதனால்தான் கடைக்காரர் தரும் சிறு மாதிரித் துண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு கஜத் துணியையாவது கையில் வாங்கி, மடித்து, வாசல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.